மேல்கழனியின் மூச்சு

மாதனூர்
பிரமோதூத வருஷம், தை 9

ஆதிகேசவனுக்கு உம்முடைய மாமியார் எல்லம்மா எழுதுவது.

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீர் நலமாகத்தான் இருப்பீர். என் மகள் பாக்கியம் செத்த ஒன்பதாம் மாதம் இன்னொருத்தி கழுத்தில் தாலி கட்டினவருக்கு நலத்தில் என்ன குறைச்சல் இருக்கப்போகிறது. ஏழு வருஷமாக உமக்கு ஒரு கார்டு கூடப் போட்டதில்லை. இதையும் போட்டிருக்க மாட்டேன். காரியம் அப்படி வந்து நிற்கிறது.

கீழ்கழனி உமக்கு ஞாபகம் இருக்கும். கலியாணத்துக்கு மறுநாள் அதன் வரப்பில் நின்று, "இது எத்தனை மூட்டை காணும்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டீர். செருப்பைக் கழற்றாமல் கேட்டீர். அவர் மறந்துவிட்டுச் செத்துப்போனார். நான் மறக்கவில்லை.

அந்தக் கழனிக்கு மேற்கே நாலு வருஷத்துக்கு முன்னே ஒரு தோல் கிடங்கு வந்தது. தோல் கழுவின உப்புத் தண்ணீர், மயிர் உதிர்க்கிற சுண்ணாம்புத் தண்ணீர், ஆவாரம்பட்டை ஊறின தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு வாய்க்கால் வெட்டி என் கழனி ஓரமாகப் பாலாற்றில் விடுகிறார்கள். வாய்க்கால் மாசத்துக்கு இரண்டு தரம் உடைகிறது. இப்போது கீழ்கழனியில் கோரை கூட முளைக்கிறதில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. மேல்கழனி இன்னும் நன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்புத்தான்.

வாய்க்காலை வேறு பக்கம் திருப்பச் சொல்லி மனுக் கொடுத்தேன். அந்த நிலம் ஆதியிலிருந்தே களர், எங்கள் தண்ணீரால் கெடவில்லை என்று கிடங்குக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி சொன்னது இதுதான். இரண்டு கழனி மண்ணையும் சோதிக்க வேண்டும். மேலே உயிர் இருந்து கீழே செத்திருந்தால் வாய்க்காலைத் திருப்ப உத்தரவு போடுவார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் என் மனு தள்ளுபடி. கோயமுத்தூரில் ஒரு உரக் கம்பெனி சோதனைச்சாலை இருக்கிறதாம், அங்கே அனுப்பச் சொன்னார். அங்கேதான் நீர் கண்ணாடிக் குழாய் கழுவுகிறீர் என்று குடியாத்தத்துக் கோதண்டராமன் சொன்னான்.

என் பேத்தி நாகரத்தினத்துக்கு எட்டு வயசாகியிருக்கும். அவள் பேரில் எழுதிவைக்க இந்த இரண்டு கழனியைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். உமக்காக இல்லை.

எல்லம்மா


கோயமுத்தூர்
2-2-1931

அத்தை அவர்களுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சற்று நேரம் பிரிக்காமல் மேஜைமேல் வைத்திருந்தேன். பிரித்த பிறகு, பிரிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இருந்தாலும் காரியத்துக்கு வருகிறேன்.

நான் இங்கே குழாய் கழுவுகிறவன் அல்ல. மண்ணின் மூச்சை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. ஐந்து வருஷமாக அது என் பொறுப்பில் இருக்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் உயிருள்ள மண் நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சீவன்கள் அதில் இருக்கின்றன. அவை விடும் மூச்சில் நாம் விடும் அதே கரியமில வாயு இருக்கிறது.

மண்ணை ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு இறுக்கி மூடுகிறோம். ஒரு பெரிய ஜாடியிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே விட்டால், அது காலியாகக் காலியாகக் காற்றை இழுக்கும். அந்தக் காற்று முதலில் ஒரு சுண்ணாம்புக் குழாய் வழியாக வந்து சுத்தமாகும். பிறகு மண்ணின்மேல் போகும். பிறகு பேரைட்டா நீர் என்ற தெளிந்த நீருக்குள் குமிழி குமிழியாக இறங்கும். மண் மூச்சு விட்டிருந்தால் அந்த நீர் பால் போல் வெளுக்கும். சுண்ணாம்புத் தெளிவில் நாம் குழல் வைத்து ஊதினால் வெளுக்கிறதே, அப்படி. எவ்வளவு வெளுத்தது என்பதை அமிலம் சொட்டி அளந்துவிடுவோம். மூச்சு இல்லாத மண்ணானால் நீர் அப்படியே தெளிவாக நிற்கும்.

ஆகையால் மண் உயிரோடு வந்து சேர வேண்டும். இதைக் கவனமாகச் செய்யுங்கள். ஒரு சாண் ஆழத்தில் எடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். காய வைக்காதீர்கள். தரையில் இருக்கும் ஈரத்தோடேயே தகர டப்பாவில் போட்டு மூடி அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மேல்கழனி, கீழ்கழனி என்று தனித்தனியாகச் சீட்டு ஒட்டுங்கள்.

நாகரத்தினம் மூன்றாவது படிக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி.

ஆதிகேசவன்


மாதனூர்
மாசி 5

ஆதிகேசவனுக்கு எல்லம்மா எழுதுவது.

உம்முடைய கடிதத்தைப் பக்கத்துக் கழனி ஹலீமா பீக்குப் படித்துக் காட்டினேன். அவளுடைய புருஷன் சர்தார் பாஷா கிடங்கில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறான். அவனிடமும் சொன்னாள். "மண்ணு மூச்சு வுடுதாமா? எனக்கே அந்தக் குழியில மூச்சு வுட முடியல, என்னை மொதல்ல அந்தக் குடுவையில போடச் சொல்லு" என்றானாம்.

மண் இன்றைக்கு ரயிலில் போகிறது. இரண்டு டப்பா. சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஈர மண்ணை அப்படியே அனுப்பு என்று எழுதியிருந்தீர். எழுதுகிறவருக்கு என்ன. ஒரு சாண் தோண்டினால் மேல்கழனி மண்ணில் புழு நெளிகிறது, பூச்சி ஓடுகிறது, வேர் நாறுகிறது. மருமகன் கைக்குப் போகிற பொருளை அப்படியா அனுப்புவார்கள். பாக்கியம் உம்முடைய வீட்டில் இருந்தபோது நான் அனுப்பின மிளகாயிலோ பயறிலோ ஒரு வண்டு பார்த்திருப்பீரா? புழுத்த மண் அனுப்பினாள் என்று உம்முடைய இரண்டாம் சம்சாரம் கோயமுத்தூர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க நான் இடம் கொடுக்க மாட்டேன். அதனால் இரண்டு மண்ணையும் சலித்தேன். கல், வேர், புழு எல்லாம் பொறுக்கிப் போட்டேன். பிறகு இருப்புச் சட்டியில் போட்டு, கடலை வறுக்கிற மணல் பதத்துக்கு, கை வைக்க முடியாத சூடு வரும் வரைக்கும் வறுத்தேன். ஒவ்வொன்றும் இரண்டு நாழிகை. நீர் ஈரம் கேட்டீரே என்று, கொதித்து ஆறின தண்ணீரை அளவாகத் தெளித்து, சூடு இருக்கும்போதே டப்பாவில் போட்டு மெழுகு வைத்து மூடினேன். பார்சல் ஆபீஸ் பெருமாளே, "இன்னாம்மா, சுத்தமா கீது, சர்க்கரையா?" என்று கேட்டான்.

இப்போது முக்கியமான பேச்சு. உத்தரவு எனக்குச் சாதகமாக வந்ததும், சித்திரையில் நான் கோயமுத்தூருக்கு வந்து நாகரத்தினத்தை அழைத்து வருவேன். இனிமேல் அவள் இங்கேதான். இரண்டு கழனியும் அவள் பேருக்கு எழுதப்படும். நீர் அனுப்பாவிட்டால் ஒரு பிடி மண் கூடக் கிடையாது. உம்முடைய சம்சாரத்துக்குச் சொந்தமாக இரண்டு பையன்கள் இருக்கிறார்களே, போதாதா.

பெண் பிள்ளையை வைத்துக்கொள்ள உமக்குத் தகுதியும் கிடையாது. பாக்கியத்துக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டினது ஐந்து நாள். ஐந்து நாளும் நீர் பக்கத்தில் இருந்தீர். எனக்கு ஒரு தந்தி இல்லை. ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் சாவுத் தந்தி வந்தபோது நான் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது அவள் மண்ணுக்குள் போய்விட்டாள். மண்ணுக்கு எத்தனை மூச்சு என்று குமிழி குமிழியாக எண்ணுகிறீரே, அவளுக்கு எண்ணினீரா?

எல்லம்மா


கோயமுத்தூர்
9-3-1931

அத்தை அவர்களுக்கு,

இரண்டு டப்பாக்களும் மூடி கலையாமல் வந்து சேர்ந்தன. கருவியில் ஆறு நாள் வைத்து அளந்தாயிற்று. பேரைட்டா நீர் இரண்டிலும் தெளிவாகவே நின்றது. மேல்கழனி மண்ணுக்கும் கீழ்கழனி மண்ணுக்கும் மூச்சில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று அறிக்கை எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் சோதனைச்சாலைத் துரை கையெழுத்துப் போட்டு விசாரணை அதிகாரிக்கு நேற்றுத் தபாலில் அனுப்பிவிட்டார்.

நாகரத்தினத்தை அனுப்புவதற்கில்லை.

ஆதிகேசவன்


மாதனூர்
பங்குனி 20

ஆதிகேசவனுக்கு எல்லம்மா எழுதுவது.

முந்தாநாள் ஆம்பூரில் விசாரணை நடந்தது. நடந்ததை எழுதுகிறேன், நீரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிடங்கு வக்கீல் உம்முடைய சோதனைச்சாலைக் காகிதத்தை எழுந்து நின்று படித்தார். இங்கிலீஷில் ஒரு தரம், எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் ஒரு தரம். "மேல்கழனியும் இப்படித்தான், கீழ்கழனியும் இப்படித்தான். எங்கள் தண்ணீர் படாத நிலமும் செத்துக் கிடக்கும்போது நாங்கள் கொன்றோம் என்பது எப்படி?" என்றார். மேல்கழனியில் போன மாதம் கேழ்வரகு அறுத்தேன் என்று நான் சொன்னேன். அதிகாரி, "அம்மா, நீயே அனுப்பிய மண்" என்றார். மனு தள்ளுபடி.

வெளியே வந்தால் கிடங்கு மேஸ்திரி கன்னியப்பன் மரத்தடியில் நாலு பேரோடு நிற்கிறான். "இன்னா எல்லம்மா, உன் கழனி மூச்சு வுடுதா, கொறட்டை வுடுதா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவள் நான். மூச்சில்லாமல் பிறந்தான். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டி அழவைத்தேன். அன்றைக்குக் கை கொஞ்சம் தாமதித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஹலீமா பீ கேட்டாள், எப்படி அக்கா இப்படி ஆச்சு என்று. ஒன்று விடாமல் சொன்னேன். சலித்தது, பொறுக்கினது, வறுத்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வறுத்தியா?"

"ஆமா. சுத்தமா இருக்கணும்னு."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

"அக்கா, நீ வறுத்த கடலையை வெதைக்க எடுத்து வப்பியா? உசுரு கீதான்னு பாக்கச் சொல்லி அனுப்புறதை அடுப்புலயா வப்பாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் தப்பு. அது என்னுடையது, நான் எடுத்துக்கொள்கிறேன். எழுத்து கொஞ்சம் கம்மியாகப் படித்தவள் செய்கிற தப்பு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வறுத்தேன் என்று நான் மறைக்கவில்லை. மாசி ஐந்தாம் தேதி எழுதின கடிதத்தில், சட்டியையும் எழுதியிருக்கிறேன், எத்தனை நாழிகை என்றும் எழுதியிருக்கிறேன். மண்ணுக்கு முன்னே கடிதம் வந்து சேர்ந்திருக்கும். நீர் அதைப் படித்தீரா, இல்லையா? படித்துவிட்டுத்தான் அந்த மண்ணை எடுத்து ஆறு நாள் கண்ணாடியில் வைத்து அளந்தீரா?

இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

எல்லம்மா


கோயமுத்தூர்
7-4-1931

அத்தை அவர்களுக்கு,

படித்தேன்.

மண் வருவதற்கு இரண்டு நாள் முன்பே கடிதம் வந்துவிட்டது. டப்பாவைத் திறந்ததும் வறுகடலைக் கடை வாசனை வந்தது. துரைக்கு அந்த வாசனை தெரியாது, அவர் சீமையில் பிறந்தவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே டப்பாக்களைத் தள்ளிவைத்துவிட்டு வேறு மண் அனுப்பச் சொல்லி எழுதியிருப்பார். நான் சொல்லவில்லை. முதல் நாள் நீர் தெளிவாக நின்றபோது சொல்லலாம் என்று எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன். ஆறு நாளும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

நீங்கள் ஜெயித்தால் குழந்தையைக் கொண்டுபோய்விடுவீர்கள் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, அவளுக்கு எண்ணினீரா என்று கேட்டிருந்தீர்களே, அது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அளந்தேன்.

அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷம் சொல்லாமல் இருந்தேன், இனி முடியாது. இரண்டாம் நாளே தந்தி கொடுக்கக் கிளம்பினேன். பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்குச் சொல்லாதீங்க. அவங்க வந்தா பொறந்ததுலேர்ந்து நான் செஞ்ச தப்பை எல்லாம் ஒண்ணொண்ணா சொல்லுவாங்க. எனக்கு இப்ப கேக்கத் தெம்பு இல்ல" என்றாள். மூன்றாம் நாளும் கேட்டேன், நாலாம் நாளும் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஐந்தாம் நாள் அவளுக்குத் தலை ஆட்டவும் முடியவில்லை. மூச்சையும் எண்ணினேன். கடைசி ஒரு மணி நேரம் அதைத்தான் செய்தேன்.

இதை உங்களைப் புண்படுத்த எழுதவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும்.

ஆனால் கழனி போகக் கூடாது. நேற்றுத் துரையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சம்பளத்தில் வெட்டு. வேலை இருக்குமா என்பது அடுத்த மாதம் தெரியும். அறிக்கையை ரத்து செய்து அதிகாரிக்குத் தாமே எழுதுவதாகச் சொல்கிறார். ஆனால் அதனுடன் புது மண்ணின் கணக்கும் போக வேண்டும். மறுமனுவுக்கு முப்பது நாள் தவணை இருக்கிறதாம். ஆகையால் தயவுசெய்து இன்னொரு தரம் மண் அனுப்புங்கள். தோண்டினபடியே, ஈரத்தோடு, புழுவோடு. மேல்கழனி மண் நீரைப் பாலாக்கிவிடும், எனக்குச் சந்தேகமே இல்லை. என் கை படக் கூடாது என்றால் துரையே வைப்பார்.

கழனியைக் குழந்தை பேருக்கு எழுதுங்கள், எழுதாமல் போங்கள். பள்ளிக்கூட லீவுக்கு அவளை நானே கூட்டிவந்து ஒரு மாசம் விடுகிறேன். டப்பாக்களைப் பற்றிக் கேட்டு, "ஆயா நமக்கு மண்ணுதான் அனுப்புவாங்களா, முறுக்கு எல்லாம் அனுப்ப மாட்டாங்களா?" என்றாள். உங்களைப் பார்க்க அவளுக்கு ஆசை இருக்கிறது.

மண்ணை அனுப்புங்கள், அத்தை.

ஆதிகேசவன்


மாதனூர்
பிரஜோற்பத்தி வருஷம், சித்திரை 8

ஆதிகேசவா,

உன் கடிதம் வருஷப் பிறப்புக்கு முதல்நாள் வந்தது. இனி உனக்கு நீர், உம்முடைய என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பாக்கியம் அப்படிச் சொல்லியிருப்பாள். சொல்லக் கூடியவள்தான். நீ பொய் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், அவள் பேச்சு அப்படியே இருக்கிறது. நான் வந்திருந்தால் முதலில் விளக்கு துடைத்திருக்கிறாளா என்று பார்த்திருப்பேன், பிறகுதான் அவளைப் பார்த்திருப்பேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஏழு வருஷம் உன்மேல் வைத்திருந்ததை நான் இப்போது எங்கே கொண்டுபோய் வைக்கிறது? செத்தவள்மேல் வைக்க முடியாது. என்மேல் வைத்துக்கொள்ள எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே நானும் பாதி செத்திருப்பேன், மீதியாவது ஒழுங்காக இருந்திருக்கும். நீ அதைப் பத்திரமாக வைத்திருந்து, என் நிலம் போன பிறகு எடுத்து நீட்டினாய்.

நேற்றுக் காலையில் மண் எடுக்கத்தான் போனேன். ஹலீமா பீயும் கூட வந்தாள். "அனுப்பு அக்கா. சண்டையை அப்பால போட்டுக்கலாம். வாய்க்கா திரும்பினா என் கழனியும் பொழைக்கும்" என்றாள். மேல்கழனியில் ஒரு சாண் தோண்டினேன். கருப்பாக, பிசுபிசுவென்று, நீ சொன்ன மாதிரி எல்லாம் உயிரோடு இருந்தது. டப்பாவில் பாதி வரைக்கும் அள்ளிவிட்டேன். அந்த மண் உன் ஊருக்கு வந்து, உன் கண்ணாடியில் மூச்சு விட்டு, நீ நல்லவனாகி, லீவுக்குக் குழந்தையைக் கூட்டிவந்து வாசலில் நிற்பாய். நான் உனக்குச் சோறு போட வேண்டும். அதை நினைத்தேன். அள்ளினதைத் திரும்பக் கொட்டிவிட்டேன்.

மண்வெட்டி கையில் இருந்தது. கீழே இறங்கி இரண்டு கழனிக்கும் நடுவே இருந்த வரப்பை வெட்டினேன். பிறகு கிடங்கு வாய்க்கால் கரையையும் வெட்டினேன். ஹலீமா பீ என் கையைப் பிடித்தாள். "உனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அக்கா, பக்கத்துல என் கழனியும் கீது" என்று கத்தினாள். அவளைத் தள்ளினதில் வரப்பில் விழுந்து முழங்கை உரிந்துவிட்டது. இருபது வருஷம் என்னோடு பேசினவள். இனிப் பேச மாட்டாள். கன்னியப்பன் ஓடிவந்தான். நான் வெட்டுகிறதைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவனுக்குச் சிரிக்கவும் வரவில்லை, தடுக்கவும் வரவில்லை.

மேல்கழனி மேடு அல்லவா, தண்ணீர் சீக்கிரம் ஏறவில்லை. வாய்க்காலை இரண்டு இடத்தில் மண் போட்டு அடைத்துத் தண்ணீரை உயர்த்தின பிறகுதான் ஏறியது. சாயங்காலத்துக்குள் முழுக்கப் பரவிவிட்டது. கேழ்வரகு அறுத்த தாள் எல்லாம் சுண்ணாம்புத் தண்ணீரில் நிற்கிறது. புழுக்கள் மேலே வந்து கிடந்தன, காக்கை கூடத் தொடவில்லை.

இன்றைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனேன். இரண்டு கழனியையும் நாகரத்தினம் பேருக்கு எழுதியாகிவிட்டது. விற்க முடியாதபடிதான் எழுதச் சொன்னேன். பத்திரத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

லீவுக்கு அவளை இங்கே கூட்டிவர வேண்டாம். விவரம் தெரிகிற வயசில் அவளே வந்து பார்க்கட்டும். எப்படி ஆயிற்று என்று கேட்பாள். அப்போது நீ பக்கத்தில் இருந்து சொல்.

எல்லம்மா